துப்பாக்கி மட்டுமா ராணுவம்? மேசைப் பணிக்கும் தயாராவோம்

தேசிய சேவையாற்றும் இளையர் ஒருவர் திருமண வீட்டுக்கோ தீபாவளி விருந்துக்கோ போனால், உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி “எந்தப் பிரிவுப்பா?” என்பதுதான். கமாண்டோ என்றால் மாமாக்களின் முகம் மலரும். அதிகாரிப் பயிற்சி என்றால் அத்தைகள் அதை அடுத்த மேசைக்கும் சொல்வார்கள். “நிர்வாக உதவியாளர்” என்று சொல்லிப் பாருங்கள். “ஓ, கிளார்க்கா? பரவாயில்ல, வெயில்ல நிக்க வேணாம்ல” என்பார்கள். அத்துடன் பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும்.

அந்த “பரவாயில்ல”யை நான் ஈராண்டு கேட்டேன். எனக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. மருத்துவப் பரிசோதனைக்குப் பின் போர்ப்பணி சாராத வேலைக்கு உரிய உடல்தகுதி நிலை தரப்பட்டது. உடல்நிலைக்கு ஏற்ற அடிப்படை ராணுவப் பயிற்சியை முடித்ததும் ஒரு முகாமின் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு கருத்தை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். ராணுவ அலுவலகப் பணி, முன்கூட்டியே தயாராக வேண்டிய ஒரு வேலை. அந்தத் தயாரிப்பைப் பள்ளியிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

அலுவலகத்தில் என்னதான் நடக்கிறது?

சிங்கப்பூரில் தேசிய சேவை 1967ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர்க் குடிமக்களான ஆண்களும் இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளும் 16½ வயதில் பதிந்துகொள்கிறார்கள். 18 வயதிலிருந்து சேவையில் சேர்கிறார்கள். முழுநேரச் சேவை ஈராண்டு. அதன்பின் போர்க்காலப் படைவீரர்களாகப் பல ஆண்டுகள் பயிற்சிக்குத் திரும்ப அழைக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வருகை, விடுப்பு, மருத்துவ விடுப்பு, படித்தொகை, பயிற்சிப் பதிவு, அழைப்பாணை என்று எத்தனை பதிவுகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பதிவுகள் தாமாக ஒழுங்காவதில்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் அவற்றைச் சரிபார்க்கிறார். பெரும்பாலும் அவர் பத்தொன்பது அல்லது இருபது வயது இளையர்.

காலையில் முதல் வேலை வருகை நிலவரம். எத்தனை பேர் முகாமில் இருக்கிறார்கள், எத்தனை பேர் விடுப்பில், எத்தனை பேர் மருத்துவ விடுப்பில், யார் வேறிடத்தில் பயிற்சியில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. ஒருவர் விடுபட்டாலும் கூட்டுத்தொகை இடிக்கும். இடித்தால் அவர் எங்கே என்று தேட வேண்டும். பள்ளியில் கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இங்கே விடுபட்ட அந்த ஒன்று ஒரு மனிதர்.

அடுத்து உணவு. முகாம் உணவகத்தில் சைவ உணவும் முஸ்லிம்களுக்கான உணவும் தனித்தனியே உண்டு. ஆனால், எத்தனை பேருக்கு எது வேண்டும் என்ற எண்ணிக்கை முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் தவறான கட்டத்தில் இருந்தால், நாள் முழுதும் வெளிக்களப் பயிற்சியில் வியர்த்த ஒரு சைவ வீரர் மாலையில் வெறும் ரொட்டியைக் கடிப்பார்.

இன்னும் கடுமையான ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீரரின் பதிவிலும் நெருங்கிய உறவினரின் தொலைபேசி எண் இருக்கும். ஒவ்வாத மருந்துகளின் விவரமும் இருக்கும். பெரும்பாலான நாள்களில் யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. விபத்து நடக்கும் நாளில் முதலில் திறக்கப்படுவது அந்தப் பக்கம்தான். அம்மாவின் எண் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாறியிருந்து, யாரும் திருத்தவில்லை என்றால் என்ன ஆகும்? எண்களைச் சரிபார்க்கும் எழுத்தரைப் பார்த்து “சும்மா ஏர்கானில் உட்கார்ந்திருப்பவன்” என்று சிரிப்பவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

பெயர் என்ற ஒரு சிறு விஷயம்

தமிழர்களாகிய நமக்கு எளிதில் புரியும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தம் பெயருக்குப் பின் “எஸ்/ஓ” என்று போட்டுத் தந்தை பெயரை எழுதுவோர் உண்டு. முன்னெழுத்தோடு எழுதுவோர் உண்டு. எதுவும் போடாமல் இரு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதுவோரும் உண்டு. பெயர்களை அகர வரிசைப்படுத்தும்போது கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழக்கமில்லாத எழுத்தருக்கும் தெரியாது. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எண்ணி, மகனுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தந்தையின் பெயரை விளித்து எழுதிவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் உருவாவதும் உண்டு.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் அப்படி ஒரு தமிழ் இளையரின் பெயர் இருவேறு விதமாகப் பதிவாகியிருந்தது. அவர் எடுத்த விடுப்பு ஒரு பெயரிலும், எடுக்காத விடுப்பு இன்னொரு பெயரிலும் இருந்தது. பட்டியலைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. அதற்குக் காரணம் என் அறிவுக்கூர்மையன்று. நான் தமிழன், அவ்வளவுதான். மலாய்ப் பெயர்களில் “பின்”, “பிந்தி” எங்கே வரும், சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் ஏன் முதலில் நிற்கிறது என்பதை எனக்குச் சக எழுத்தர்கள் சொல்லித் தந்தார்கள். பல இனங்கள் சேர்ந்து சேவையாற்றும் படையில் ஒருவரின் பெயரைச் சரியாக எழுதுவது மரியாதையின் முதல் படி. இதைக் கற்றுக்கொள்ளப் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பு வருகைப் பட்டியலைக் கையில் எடுத்தாலே போதும்.

எழுத்தர் இல்லாத படை இல்லை

அலுவலகப் பணியைத் தாழ்வாகப் பார்ப்பது நம் மரபும் அன்று. சோழர் கல்வெட்டுகளில் “திருமந்திர ஓலை” என்ற பதவி வருகிறது. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை ஓலையில் எழுதுபவர் அவர். அந்த எழுத்தைச் சரிபார்த்து ஒப்பமிட “திருமந்திர ஓலை நாயகம்” என்று ஓர் அதிகாரி இருந்தார். இந்த அதிகாரிகளின் பெயர்களைக் கல்லிலேயே பொறித்து வைத்தார்கள். கடல் கடந்து படை அனுப்பிய ஓர் அரசு, எழுதுபவருக்கும் சரிபார்ப்பவருக்கும் அத்தகைய இடம் கொடுத்திருக்கிறது.

உலக வரலாற்றில் இன்னொரு சான்று உண்டு. கிரைமியப் போரின்போது, 1854ஆம் ஆண்டு நவம்பரில், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஸ்குடாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். கையில் விளக்குடன் நடந்த தாதி என்றே நாம் அவரைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவர் செய்த மற்றொரு பெரிய வேலை கணக்கெடுத்தது. மருத்துவமனைப் பதிவுகள் ஒழுங்கின்றிக் கிடந்தன. போர் முடிந்தபின் அவர் இறப்புக் கணக்குகளைத் தொகுத்து, வரைபடங்களாக்கி, போரில் பட்ட காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகுதியான வீரர்களைக் கொன்றன என்பதைக் காட்டினார். ராணுவ மருத்துவமனைகளின் சுகாதாரம் சீர்திருத்தப்பட அந்தக் கணக்கு பெரிதும் உதவியது. ஒழுங்கான பட்டியல் உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நம் நாட்டிலேயே அண்மைய எடுத்துக்காட்டு உண்டு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், கொவிட்-19 பரவத் தொடங்கிய நாள்களில், ஏறத்தாழ 1.3 மில்லியன் குடும்பங்களுக்குத் தலா நான்கு முகக்கவசங்கள் வழங்கப்பட்டன. மொத்தம் 5.2 மில்லியன் முகக்கவசங்களைப் பொட்டலமிடும் பணியில் ஆயுதப் படையினர் ஈடுபட்டார்கள். தொற்றியவர்கள் யார் யாரோடு தொடர்பில் இருந்தார்கள் என்று தொலைபேசியில் விசாரித்துப் பதியும் பணியிலும் படையினர் உதவினார்கள். அந்த நாள்களில் நாட்டைக் காத்த கருவிகளில் தொலைபேசியும் பேனாவும் விரிதாளும் இருந்தன.

பள்ளியிலேயே என்ன செய்யலாம்?

“எந்தப் பணிக்கு அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லையே, பிறகு எதற்குத் தயாரிப்பு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சேவைக்கு முன் உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வாய்ப்புத் தருகிறார்கள். ஆனால் படையின் தேவை, உடல்தகுதி, திறன் சோதனை எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கேட்டது கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இருந்தும் நான் கீழே சொல்லும் எதுவும் வீணாகாது. காலாட்படைக்குப் போனாலும் பிரிவுத் தலைவரானால் பட்டியல் எழுதத்தான் வேண்டும். எந்தப் பணிக்கும் போகாத பெண்களுக்கும் இவை வேலைக்கு உதவும்.

முதலாவது, மொழி. ராணுவக் கடிதத்தில் அலங்காரம் எடுபடாது. யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு வர வேண்டும் என்பது ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். பள்ளியில் நாம் எழுதும் கட்டுரைகள் நீள்வதற்குப் பழகியவை. சுருக்கி எழுதும் பயிற்சி குறைவு. இணைப்பாட நடவடிக்கைக்கான அறிவிப்பை நீங்களே எழுதிப் பாருங்கள். படித்தபின் யாராவது “எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் அந்த அறிவிப்பு தோற்றுவிட்டது. மலாய்மொழியும் கொஞ்சம் பழகுங்கள். நம் படையின் அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்தான் ஒலிக்கின்றன. தமிழை விட்டுவிடவும் வேண்டாம். மகனைப் பற்றி விசாரிக்கத் தொலைபேசியில் அழைக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் வராமல் போகலாம். அப்போது அலுவலகம் முழுதும் உங்களைத்தான் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது, எண். விரிதாளில் பெயர்களை வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, இரு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியது போல. மீதிப் பாதி, கணினி தந்த விடையை நம்பாமல் ஒருமுறை கையால் கூட்டிப் பார்க்கும் பழக்கம். உயர்நிலையில் கணக்கியல் பாடம் எடுப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் இயல்பாக வரும். எடுக்காதவர்கள் வகுப்பு நிதி, கல்விச் சுற்றுலாப் பணம், மன்றத்தின் செலவுக் கணக்கு என்று ஏதாவது ஒன்றைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஆண்டு முடிவில் காசும் கணக்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மூன்றாவது, ஒழுங்கு. “புதியது”, “புதியது 2”, “கடைசி”, “உண்மையான கடைசி” என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் நோய் நம் எல்லாருக்கும் உண்டு. தேதியும் பொருளும் கொண்டு பெயரிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து, நீங்கள் இல்லாத நாளில், உங்களுக்குப் பின் வந்தவர் ஐந்து நிமிடத்தில் ஒரு கோப்பைக் கண்டெடுக்க முடிந்தால் நீங்கள் நல்ல எழுத்தர். தேசிய சேவையில் எல்லாரும் ஈராண்டில் விடைபெறுகிறோம். அதனால் பணியை ஒப்படைக்கும் குறிப்பு எழுதும் திறன் மற்ற எந்த அலுவலகத்தையும்விட அங்கே முக்கியம். உங்கள் மன்றத்தின் செயலாளர் பொறுப்பை அடுத்த ஆண்டு தம்பியிடம் கொடுக்கும்போது அப்படி ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

நான்காவது, வாய்க்கட்டு. 2017ஆம் ஆண்டு தற்காப்பு அமைச்சின் இணையத் தொடர்பு அமைப்பில் ஊடுருவல் நடந்து, 850 தேசிய சேவையாளர், ஊழியர்களின் அடையாள அட்டை எண், தொலைபேசி எண், பிறந்த தேதி ஆகியவை திருடப்பட்டன. அது வெளியார் தொடுத்த தாக்குதல். ஆனால் விவரங்கள் கசிய ஊடுருவல்காரர்கள்தான் வேண்டும் என்பதில்லை. மேசையில் கிடக்கும் பெயர்ப்பட்டியலைப் படம்பிடித்து நண்பர் குழுவில் போடும் ஒரு கையும் போதும். முழுமைத் தற்காப்பில் மின்னிலக்கத் தற்காப்பு 2019ஆம் ஆண்டு ஆறாவது தூணாகச் சேர்க்கப்பட்டதை வகுப்பில் படித்திருப்பீர்கள். பாடமாகப் படித்ததைப் பழக்கமாக்குவது எப்படி? நண்பனின் மதிப்பெண்ணை, வீட்டு முகவரியை, உடல்நிலையை அவன் அனுமதியின்றிப் பிறருக்கு அனுப்புவதில்லை என்று இன்றே முடிவு செய்யலாம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ரகசியம் காக்கத் தெரியாதவருக்கு முகாமில் காக்கத் தெரிந்துவிடாது.

ஐந்தாவது, உடல். அலுவலகப் பணிதானே என்று ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்தரும் படைவீரர்தான். சீருடை அணிகிறார், அடிப்படைப் பயிற்சி பெறுகிறார், இரவுக் காவல் கடமையும் அவருக்கு வரலாம். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதற்கே நல்ல உடல்பலம் தேவை. என் ஆஸ்துமாவுக்கு மருத்துவர் அனுமதித்த அளவில் நடையும் நீச்சலும் பழகியது எனக்கு அங்கே கைகொடுத்தது.

மருத்துவரிடம் உண்மை, முகாமில் நேர்மை

முகாம்களில் “கெங்” என்றொரு சொல் உண்டு. உடம்புக்கு ஒன்றுமில்லாமலேயே நோய் நடித்துக் கடமையிலிருந்து நழுவுவதற்குப் பெயர். அலுவலகப் பணிக்குத் தயாராகுங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு, “அப்படியென்றால் இல்லாத முதுகுவலியைச் சொல்லிப் பார்க்கலாமா?” என்று யாராவது நினைத்தால், அவருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. பொய்த் தகவல் தருவது சட்டப்படி குற்றம். அதோடு, நீங்கள் நழுவவிட்ட மூட்டையைச் சுமக்கப்போவது உங்கள் வயதுடைய இன்னொருவர்.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. இருக்கும் நோயை மறைத்துப் போர்ப்பிரிவுக்குப் போக முயல்வோர் இருக்கிறார்கள். “கிளார்க் ஆனால் அப்பா என்ன நினைப்பார்?” என்ற அச்சமே பலருக்குக் காரணம். இதயக் கோளாறையோ வலிப்பையோ மூச்சிரைப்பையோ மறைத்து வெயிலில் ஓடுவது வீரமாகாது. அது உங்கள் உயிருக்கும், உங்களைத் தூக்கி வர வேண்டிய தோழர்களின் பாதுகாப்புக்கும் கேடு. உறவினர்களின் “பரவாயில்ல” எவ்வளவு தூரம் போய்த் தாக்குகிறது என்பதை இங்கேதான் பார்க்கிறேன். ஒரு வேலையைக் கேலி செய்தால், அந்த வேலைக்குப் போகக் கூச்சப்பட்டு ஒரு பையன் மருத்துவரிடம் பொய் சொல்கிறான். பெற்றோர்களே, மாமாக்களே, இதை நீங்களும் படித்தால் நல்லது.

காலாட்படை வீரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. மழையிலும் சேற்றிலும் படுத்து எழும் நண்பர்கள், மாலையில் வீடு திரும்பும் எழுத்தரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இயற்கை. அவர்கள் சுமப்பது அதிகம் என்பதை நான் மறுக்கமாட்டேன். அந்தச் சுமையைக் கண்ணால் கண்டவன் என்பதால்தான் சொல்கிறேன்: அவர்களுக்குச் சேர வேண்டிய விடுப்பும் படித்தொகையும் மருத்துவச் சந்திப்பும் ஒருநாள்கூடத் தவறாமல் கிடைக்கச் செய்வதே எழுத்தர் அவர்களுக்குச் செலுத்தும் மரியாதை.

ஈராண்டுக்குப் பின்னும் பெண்களுக்கும்

தேசிய சேவையோடு இந்தக் கதை முடிவதில்லை. தற்காப்புத் துறையில் சீருடை அணியாத முழுநேர வேலைகள் பல உள்ளன. மனிதவளம், நிதி, கொள்முதல், சட்டம், தொடர்பு, உளவியல், கொள்கை வகுப்பு என்று தற்காப்பு அமைச்சின் நிர்வாக அதிகாரிகள் செய்யும் பணிகளுக்குப் பட்டயமோ பட்டமோ பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். சீருடையில் இருந்தபடியே ஒரு துறையில் ஆழமாக வளர விரும்புவோருக்கு, ராணுவத் துறை நிபுணர்களுக்கான திட்டம் 2010ஆம் ஆண்டு முதல் உள்ளது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஆயுதப் படையின் நான்காவது பிரிவாக மின்னிலக்க, உளவுத்துறைச் சேவை தொடங்கப்பட்டது. திரைக்கு முன் அமர்ந்து செய்யும் பணி தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகியவற்றுக்கு இணையாக ஒரு தனிப் பிரிவாகவே நிற்கிறது. “மேசை வேலை” என்ற ஏளனத்துக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

மாணவிகளுக்கு ஒரு சொல். தேசிய சேவை பெண்களுக்குக் கட்டாயமில்லை என்பதால், பள்ளியில் தற்காப்பு பற்றிய உரை நடக்கும்போது உங்களில் பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆயுதப் படையில் பெண்கள் நிரந்தர வீரர்களாகச் சேரலாம். 2015ஆம் ஆண்டு கான் சியாவ் ஹுவாங் பிரிகேடியர் ஜெனரல் பதவிக்கு உயர்ந்து, அந்த நிலையை எட்டிய முதல் சிங்கப்பூர்ப் பெண் ஆனார். சீருடை வேண்டாம் என்றால் நான் மேலே சொன்ன நிர்வாகப் பணிகள் உங்களுக்கும் திறந்திருக்கின்றன. தமிழ் வீடுகளில் ஆசிரியர், தாதி, வங்கி என்று பெண் பிள்ளைகளுக்குப் போடும் பட்டியலில் இந்த வேலையும் ஒரு வரியாக இடம்பெறட்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே?

“இன்னும் சில ஆண்டுகளில் எழுத்தர் வேலையை எல்லாம் கணினியே செய்துவிடும்” என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். ஒரு பகுதியைச் செய்யும். கடிதத்தின் வரைவை எழுதும், பட்டியலை ஒழுங்கு செய்யும். ஆனால் அந்தக் கடிதம் தவறான ஆளுக்குப் போனால் யார் பதில் சொல்வது? நோயாளித் தாயைப் பார்க்க அவசர விடுப்புக் கேட்டு முகப்பில் நிற்கும் வீரரின் குரலில் உள்ள நடுக்கத்தை யார் கேட்பது? கருவி வளர வளர, அது தந்ததைச் சரிபார்த்துப் பொறுப்பேற்கும் ஆளின் தேவையும் வளரும். எந்தப் பெயரை, எந்த எண்ணை வெளிக் கருவியில் இடவே கூடாது என்று தெரிந்த ஆள் இன்னும் தேவைப்படுவார். தட்டச்சு வேகத்தை மட்டும் நம்பி இருப்பவருக்குத்தான் கவலை.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் பள்ளிகளில் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். தேசிய மாணவர் படை 1901ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. தேசிய சேவை பற்றிய உரைகளுக்கு அதிகாரிகளையும் கமாண்டோக்களையும் அழைப்பது நல்லதே. அவர்களோடு ஒரு விநியோக உதவியாளரையும், வாகன ஓட்டுநரையும், ஒரு நிர்வாக உதவியாளரையும் மேடையில் அமர்த்துங்கள். “காலை எட்டு மணிக்கு நான் என்ன செய்கிறேன்” என்று அவர்கள் பத்து நிமிடம் பேசட்டும். உடல்நிலை காரணமாகப் போர்ப்பிரிவுக்குப் போக முடியாத மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். தன்னைப் போன்ற ஒருவர் மேடையில் தலைநிமிர்ந்து பேசுவதை அவர்கள் கேட்க வேண்டும். சீருடைக் குழுக்களிலும் வருகைப் பதிவு, பொருள் கணக்கு, நிகழ்ச்சித் திட்டம் ஆகியவற்றைக் கவனிக்கும் மாணவர்களுக்கு அணிவகுப்பில் சிறந்தவர்களுக்குத் தரும் அதே பாராட்டைத் தரலாம்.

தம்பிகளே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. அழைப்புக் கடிதம் வரும், சோதனைகள் நடக்கும், ஒருநாள் உங்கள் பணி என்னவென்று திரையில் தெரியும். அதில் “நிர்வாக உதவியாளர்” என்று இருந்தால் மனம் சோர வேண்டாம். உங்கள் கையில் சில நூறு பேரின் பெயர்கள் வந்து சேரப்போகின்றன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் அவன் திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு யாரோ இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பிழையில்லாமல் பார்த்துக்கொள்ளும் கை உங்களுடையதாக இருக்கட்டும். வரும் திங்கட்கிழமை உங்கள் மன்றத்தின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்.